டேய் தேவாங்கு, பார்த்துப் போ!

எல்லா கிளாஸ்லயும் ஒரு தேவாங்கு இருப்பான். ஒல்லியா, கையும் காலும் மட்டும் நீளமா, முழிச்ச கண்ணா இருப்பான். எங்க கிளாஸ்ல அது நான்தான். ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த மூணாவது நாளே வச்ச பேரு. டிகிரி முடிச்சு வெளியே வந்த பிறகும் என்னை விட்டுப் போகலை. பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் பக்கம் நடந்து போனா, இப்பவும் பின்னால இருந்து ஒரு குரல் வரும்: "டேய் தேவாங்கு!"

இத்தனைக்கும் பேர் வச்ச பயல்கள்ல ஒருத்தன்கூட நிஜமான தேவாங்கைப் பார்த்தது கிடையாது. நானும்தான். திண்டுக்கல்காரனுக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம். ஏன்னா இந்தியாவிலேயே தேவாங்குக்காக அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் நம்ம ஏரியாவுலதான் இருக்கு. 2022 அக்டோபர்ல தமிழக அரசு அறிவிச்ச கடவூர் தேவாங்கு சரணாலயம். கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் பரவிக் கிடக்கும் 11,806 ஹெக்டேர் காடு. அய்யலூர் பக்கத்து மலைகளுக்கு பைக்கை எடுத்தா அரை மணி, முக்கால் மணி நேரம். நாம என்னடான்னா கொடைக்கானலுக்கு மட்டும்தான் வண்டியைத் திருப்புவோம்!

சரி, மேட்டருக்கு வர்றேன். கடைசியில நான் தேவாங்கைப் பார்த்தேன். காட்டுல இல்லை. நாலு வழிச் சாலையில.

திருச்சியில ஒரு ஃப்ரெண்டோட கல்யாண ரிசப்ஷன். பிரியாணியை ஒரு பிடி பிடிச்சுட்டு, ராத்திரி கிளம்பி திண்டுக்கல்லுக்குத் திரும்பிட்டு இருந்தோம். வண்டியை ஓட்டினது என் கூட்டாளி. காலையில எட்டு மணிக்கு அவனுக்கு டூட்டி, அதனால ஆள் பறந்துட்டு இருந்தான். அய்யலூர்கிட்ட வந்தப்ப திடீர்னு பிரேக். நான் அவன் முதுகுல போய் மோதினேன்.

"என்னடா?"

"கண்ணு மாப்ளே... ரெண்டு கண்ணு!"

ஹெட்லைட் வெளிச்சத்துல ரோட்டு நடுவுல ரெண்டு நெருப்புத் துண்டு. வெளிச்சம் கொஞ்சம் பழகின பிறகுதான் உடம்பு தெரிஞ்சது. ஒரு கைப்பிடி அளவு. குச்சி மாதிரி கால். அசையவே இல்லை. எங்களையே பார்த்துட்டு இருந்துச்சு.

"அதைப் பார்த்தா ஆகாதுன்னு எங்க ஆத்தா சொல்லும்டா, வா போயிடலாம்" என்றான் அவன். எனக்கு மனசு வரலை. பேருக்குப் பேரு ஆச்சே! வண்டியை ஓரம் கட்டி ஹெட்லைட்டை அணைச்சோம். இண்டிகேட்டரை மட்டும் போட்டுவிட்டு, பின்னால வர்ற வண்டிக்கு செல்போன் டார்ச்சைக் காட்டிட்டு நின்னோம். வெளிச்சம் போனதும் அது மெதுவா நகர ஆரம்பிச்சது. ஒரு காலைத் தூக்கி வைக்கும், நிற்கும். இன்னொரு காலைத் தூக்கும். பாதி ரோட்டைத் தாண்டி நடுவுல இருக்கிற மீடியன்ல ஏறி, அரளிச் செடிக்குள்ளே போயிடுச்சு.

அப்பாடான்னு மூச்சு விட்டோம். அப்புறம்தான் உறைச்சது. அது தாண்டினது பாதிதான். எதிர்த்திசையில இன்னும் ரெண்டு வழி இருக்கு. அந்தப் பக்கம் லாரி மேல லாரி. ஒரு லாரி போகும்போது அரளிச் செடி மொத்தமா ஆடும். அடங்கும். அடுத்த லாரி வரும்.

கால் மணி நேரம் நின்னு பார்த்தோம். அது வெளியே வரலை. கூட்டாளி மணியைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கிளம்பிட்டோம்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வேலையா அதே ரோட்டுல பஸ்ல போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அரளியையே பார்த்துட்டு வந்தேன். மணப்பாறை வரைக்கும் ஒரே அரளிதான். எந்த இடம்னே தெரியலை.

தாவத் தெரியாத ஜீவன்

அதுக்கப்புறம்தான் தேவாங்கைப் பத்திப் படிக்க உட்கார்ந்தேன். 1990-களோட கடைசியில சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் இதே அய்யலூர் பக்கத்துக் காடுகள்ல ராத்திரி ராத்திரியா தேவாங்கு பின்னாலேயே சுத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நாம வெட்டியா பேர் வச்சுக் கூப்பிட்டுட்டு இருந்த ஜீவனைத் தேடி, எங்கேயோ இருந்து ஆள் வந்திருக்கு.

தேவாங்கு எடை கிட்டத்தட்ட கால் கிலோ. பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்கப் பூச்சி வேட்டை. பயிரைத் தின்கிற பூச்சிகளையும் பிடிச்சுத் தின்னுடுறதால விவசாயிக்கு சம்பளம் வாங்காத கூலியாள். வாழ்க்கை மொத்தமும் மரத்து மேலதான். இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். குரங்கு தாவும். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையைக் கெட்டியாகப் பிடிச்சுக்கிட்டு, கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடிச்ச பிறகுதான் முதல் கிளையை விடும். கைக்கு எட்டுற தூரத்துல கிளை இல்லைன்னா அதுக்கு ஒரே வழி, தரையில இறங்கி நடக்கறது.

இப்போ நம்ம பழைய ரோடுகளை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் புளியமரம். நடுவுல ரெண்டு லாரி ஒதுங்கிப் போற அளவுக்கு ரோடு. மேலே கிளையும் கிளையும் கை கோர்த்துக்கிட்டு நிற்கும். வெயில் தெரியாம இருக்க ராணி மங்கம்மா காலத்துல இருந்தே நம்ம பக்கம் சாலைக்கு மரம் நட்டாங்கன்னு தாத்தாக்கள் பெருமையா சொல்லுவாங்க. நட்டது மாட்டு வண்டிக்காரனுக்கும் வழிப்போக்கனுக்கும் நிழலுக்காக. ஆனா அந்த நிழலுக்கு மேலே தேவாங்குக்கும் அணிலுக்கும் ஒரு தனி ரோடு ஓடிட்டு இருந்தது. டோல்கேட் இல்லாத மேம்பாலம்!

ரெண்டு வழி, நாலு வழி ஆச்சு. புளியமரங்கள் வரிசை வரிசையாப் போச்சு. மேலே இருந்த பாலமும் கூடவே போச்சு. அதைப் பத்தி யாரும் கணக்குல எழுதலை. ஏன்னா அது பாலம்னே யாருக்கும் தெரியாது.

ரோட்டுல நசுங்கிக் கிடக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியும். தெரியாத சேதம் ரெண்டு உண்டு. ஒண்ணு, பயந்து ரோட்டைத் தாண்டாமலே நின்னு போறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு, அவங்கவங்க பக்கத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்து, தலைமுறை போகப் போக ரெண்டு பக்கமும் பலவீனமாயிடும். இன்னொண்ணு, தாய். தேவாங்குத் தாய் குட்டியை எப்பவும் தூக்கிட்டே திரியாது. கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு கிளையில பத்திரமா விட்டுட்டு இரை தேடப் போகும். விடியறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகும். பெரும்பாலும் குட்டி ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. ரோட்டுல அடிபட்டது தாயா இருந்தா, எங்கேயோ ஒரு கிளையில காத்துட்டு இருக்கிற குட்டி எந்தக் கணக்குலயும் வராது.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அரளிச் செடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

பண்ணாரியில் தூங்கின மாமா

எங்க அத்தாவோட சிநேகிதர் ஒருத்தர் லாரி டிரைவர். மாமான்னுதான் கூப்பிடுவேன். தோல் மண்டிப் பக்கம் டீக்கடையில பிடிச்சு கதையைச் சொன்னேன். "லைட்டை அணைச்சீங்களே, அது நல்ல காரியம். ஹை பீம் போட்டா மான், முயல் எல்லாமே அப்படியே சிலையாயிடும் தம்பி"ன்னார். அப்புறம் அவர் கதையை ஆரம்பிச்சார்.

பழைய நேஷனல் ஹைவே 209 நம்ம திண்டுக்கல்லதான் தொடங்கும். பழனி, பொள்ளாச்சி, கோவை, சத்தியமங்கலம் வழியா பெங்களூர் வரைக்கும். இப்போ நம்பரெல்லாம் மாறிடுச்சு. கோவையைத் தாண்டினா அது 948. அதுல பண்ணாரியில இருந்து திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. ரெண்டு பக்கமும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அங்கே வண்டியில அடிபட்டு சிறுத்தையும் மானும் செத்துக்கிட்டே இருந்ததால வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போச்சு. 2022 பிப்ரவரி 10-ல இருந்து ராத்திரிப் போக்குவரத்துத் தடை அமலுக்கு வந்தது.

"ஆரம்பத்துல நான் திட்டாத திட்டு இல்லை. சாயங்காலம் போய்ச் சேர்ந்தா காலையில வரைக்கும் பண்ணாரியிலயே படுக்கணும். வாரத்துக்கு ஒரு டிரிப் போச்சு. முதலாளி கேப்பாரு, வீட்ல கேப்பாங்க. நான் யார்கிட்ட கேக்கறது?"

மாமா மட்டும் இல்லை. தாளவாடி விவசாயிகளும் அப்போ போராட்டத்துல இறங்கினாங்க. தக்காளியும் கோஸும் ராத்திரி நகர்ந்தாத்தானே காலைல மார்க்கெட்? அவங்க கேள்வியிலயும் நியாயம் இருக்கு. காட்டைக் காப்பாத்துற செலவை லாரி டிரைவரும் மலை விவசாயியும் மட்டும் ஏன் கட்டணும்?

"அப்போ தடையே தப்புங்கறீங்களா மாமா?"

அவர் கொஞ்ச நேரம் டீயை ஆத்தினார். "அதுக்கும் முன்னாடி ஒரு தடவை ராத்திரி ஒரு புள்ளிமான் என் வண்டியில விழுந்துச்சு. இறங்கிப் பார்த்தேன். கண்ணை மூடாமலே கிடந்துச்சு. தடை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. ரோடு போடும்போதே இதை யோசிச்சிருந்தா, அதுவும் போயிருக்கும், நானும் போயிருப்பேன்ல?"

இந்த வாரக் கட்டுரையை அவரே எழுதிட்டார். மிச்சத்தை நான் விளக்கிச் சொல்றேன், அவ்வளவுதான்.

அதே 44 தான் பாஸ்!

மாமா கேட்டது நடக்காத காரியம் ஒண்ணும் இல்லை. நம்ம ஊரைத் தாண்டி மதுரைக்குப் போற நேஷனல் ஹைவே 44 இருக்கே, ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் போறது, அதே ரோடு மகாராஷ்டிராவுலயும் மத்தியப் பிரதேசத்துலயும் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகுது. அதை நாலு வழியாக்கும்போது பல வருஷம் கோர்ட், கேஸ்னு இழுத்தது. கடைசியில மகாராஷ்டிரா பக்கம் மட்டும் ஒன்பது இடத்துல ரோட்டைத் தூக்கிக் கட்டினாங்க. சின்னது 50 மீட்டர், பெரியது 750 மீட்டர். மேலே லாரி போகும். கீழே காடு அப்படியே தொடரும்.

மிருகத்துக்கு இதெல்லாம் புரியுமான்னு கேட்டவங்க உண்டு. டேராடூன்ல இருக்கிற இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019-ல கீழே கேமரா வச்சுப் பார்த்தது. 18 வகைக் காட்டு விலங்குகள் அந்த வழியைப் பயன்படுத்தியிருந்தன. புலி மட்டும் 89 தடவை பதிவாச்சு. மேலே போன லாரிக்காரருக்கு கீழே புலி போனதே தெரியாது. அவருக்கு ஒரு டிரிப்பும் நஷ்டம் இல்லை.

பெஞ்ச் புலிக்குன்னா, நம்ம வால்பாறை சிங்கவால் குரங்குக்கு. புதுத்தோட்டம் பக்கம் ரோட்டுல இறங்கி அடிபட்டுட்டு இருந்த கூட்டத்துக்கு, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டி விட்டாங்க. குரங்குகள் அதுல ஜாலியா நடந்து போகுது. கூடவே, வண்டிகளை மெதுவாப் போகச் சொல்ல ஆள் போட்டு நிறுத்தியும் வச்சாங்க. வெட்டின கிளைக்குப் பதிலா ஒரு கயிறு. ஐடியா அவ்வளவு சிம்பிள்.

ரயிலுக்கு பிரேக் லேட்டு

ரோட்டுல டிரைவர் நினைச்சா நிறுத்தலாம். ரயில்ல லோகோ பைலட் நினைச்சாலும் முடியாது. பிரேக் போட்ட பிறகும் வண்டி நிற்க ரொம்ப தூரம் போகணும். கோவை - பாலக்காடு லைன்ல மதுக்கரை, வாளையார் பக்கம் இது எத்தனையோ யானைகளைக் கொன்னிருக்கு. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரைகிட்ட ஒரே ரயிலில் மூணு யானை செத்துப் போனதை பேப்பர்ல பார்த்திருப்பீங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நாம தெரிஞ்சுக்க வேண்டியது. எட்டிமடை - வாளையார் நடுவுல தண்டவாளத்துக்குக் கீழே யானை போக ரெண்டு சுரங்கப் பாதை வந்தது. 2024 பிப்ரவரியில வனத்துறை மதுக்கரையில செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 7 கிலோமீட்டர் தூரத்துக்கு 12 டவர். இருட்டுலயும் உடம்புச் சூட்டை வச்சுக் கண்டுபிடிக்கிற கேமரா. யானை தண்டவாளம் பக்கம் வந்தா கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல், அங்கிருந்து ரயிலுக்குத் தகவல். நம்ம பசங்க ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையறாங்களே, இதைவிட உருப்படியான டாபிக் கிடைக்குமா?

நம்ம திருச்சி - திண்டுக்கல் லைனும் அய்யலூர் வழியாத்தான் போகுது, ரோடு மாதிரியே. யானைக்கு டவர் வைக்கலாம். கால் கிலோ தேவாங்குக்கு டவர் வச்சு முடியாது. அதுக்கு வேண்டியது கிளை.

சரி, நம்ம பங்குக்கு?

"நாம என்ன ஹைவே இன்ஜினீயரா?"ன்னு கேக்காதீங்க. சிவில் படிக்கிற உங்கள்ல சில பேர் நாளைக்கு அதுதான். 2016-லயே இந்திய வனவிலங்கு நிறுவனம் ரோடு, ரயில், கரண்ட் லைன் போடும்போது காட்டு ஜீவன்களுக்கு என்ன செய்யணும்னு வழிகாட்டி நூல் போட்டிருக்கு. சாராம்சம் இதுதான்: முடிஞ்சா காட்டைத் தவிர்த்து வேற பக்கம் போ. முடியலைன்னா வழி விட்டுக் கட்டு. லேப் ரெக்கார்டு எழுதுற நேரத்துல பாதி நேரம் அதைப் புரட்டினா போதும்.

சிவில் இல்லாதவங்களுக்கு:

* மலையடிவாரம், காடு ஒட்டின ரோட்டுல ராத்திரி போனா வேகத்தைக் குறைங்க. ரோட்டுல கண்ணு மின்னினா லைட்டை டிப் பண்ணுங்க. ஹார்ன் வேண்டாம்.

* சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் குரங்குக்கு சிப்ஸ் போடுற புண்ணியம் வேண்டாம். சிப்ஸுக்குப் பழகின குரங்கு ரோட்டை விட்டுப் போகாது. அடுத்த வண்டியில அடிபடும். ரயில் ஜன்னல் வழியா வீசுற சாப்பாட்டுப் பொட்டலமும் இதே கதைதான்.

* தேவாங்கைப் பார்த்தா தூக்காதீங்க, செல்ஃபி எடுக்காதீங்க. வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில இருக்கிற ஆளு அது. அடிபட்டுக் கிடந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. பார்த்தா ஆகாதுன்னு சொல்ற ஆத்தாக்களுக்கு, அது வயல் பூச்சியைத் தின்கிற கதையைச் சொல்லுங்க.

* ரோட்டுல செத்துக் கிடக்கிற காட்டு ஜீவனைப் பார்த்தா, ஓரமா வண்டியை நிறுத்திட்டு ஒரு போட்டோ எடுங்க. தேதி, நேரம், இடத்தோட ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளத்துல ஏத்துங்க. ஒரே வளைவுல பத்து பதிவு சேர்ந்தா, அங்கே ஒரு வேகத்தடையோ கயிற்றுப் பாலமோ கேக்கறதுக்கு கையில ஆதாரம் இருக்கும்.

* பொது இடத்துல மரம் வெட்ட கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவோட அனுமதி வேணும். 2021-ல வந்த ஏற்பாடு இது. அடுத்த தடவை உங்க ஊர் ரோட்டுல மரத்துக்கு நம்பர் போட்டா, சும்மா பார்த்துட்டுப் போகாதீங்க. இந்த மரத்துக்குப் பதிலா எங்கே நடப் போறாங்க, ரெண்டு பக்கமும் கிளை சேருமான்னு ஒரு மனு கொடுங்க.

கடைசியா ஒண்ணு. போன வாரம் அந்தக் கூட்டாளி போன் பண்ணினான். அதே ரோடு, ராத்திரி, தனியா வந்திருக்கான். "அய்யலூர்கிட்ட வந்ததும் ஸ்பீடு தானா குறைஞ்சிடுச்சு மாப்ளே. நாற்பதுலதான் வந்தேன்"ன்னான்.

"கண்ணு எதுவும் தெரிஞ்சுதா?"

"இல்லை. ஆனா அரளியைப் பார்த்துட்டே வந்தேன்."

அப்புறம் போனை வைக்கறதுக்கு முன்னாடி வழக்கம்போல, "சரிடா தேவாங்கு, பார்த்துப் போ"ன்னான். முதல் தடவையா அது திட்டு மாதிரி கேக்கலை.

அடுத்த வாரம் பார்ப்போம்!